டிப் பாட்டிலைக் கடைசியில் தொடுங்கள்: கெண்டை சிக்காதபோது எதை எந்த வரிசையில் பார்ப்பது

தென்னாப்பிரிக்காவின் வெருலம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹேசல்மியர் அணைக்கரையில் ஒரு சனிக்கிழமை காலை நடந்து பாருங்கள். கெண்டை பிடிக்க வந்தவர்களின் பெட்டிகளில் தூண்டில் முள்ளைவிட டிப் பாட்டில்கள் அதிகமாக இருக்கும். சோம்பு, வாழைப்பழம், தேன், பாதாம், பூண்டு என்று இரையை முக்கி எடுக்கும் வாசனைத் திரவங்கள். மீன் கடிக்கவில்லை என்றால் ஒரு பாட்டிலை மூடிவிட்டு இன்னொன்றைத் திறப்பார்கள்.

என் சித்தப்பா மகன் போன மாதம் காலை ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் ஏழு பாட்டில் மாற்றினான். பொறுக்க முடியாமல் அவனுடைய ட்ரேஸை, அதாவது முள் கட்டிய கடைசித் துண்டு நூலை, கையில் வாங்கினேன். முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து மெல்ல இழுத்தேன். கண்ணாடி மேல் போவது போல வழுக்கிக்கொண்டு போனது.

"இந்த முள்ளை எப்போது கட்டினாய் தம்பி?"

"தீபாவளிக்கு முன்னால் அண்ணா."

கூர்மையான முள் நகத்தில் வழுக்காது, உடனே குத்தி நின்றுவிடும். அவனுடைய முள் அத்தனை மாதமாகக் கல்லிலும் மண்ணிலும் உரசி மழுங்கியிருந்தது. எந்த வாசனையைத் தடவினாலும் அது மீனின் உதட்டில் ஏறப் போவதில்லை.

பல வருடங்களாகக் கரையில் உட்கார்ந்து நான் கண்டது இதுதான்: கோளாறு பெரும்பாலும் முள்ளில், இரை கோர்க்கும் ஹேர் இழையில், ஈயக் குண்டில், போட்ட இடத்தில் இருக்கிறது. வாசனையில் இருப்பது அபூர்வம். ஆனால் கை முதலில் போவது வாசனைக்குத்தான், ஏனென்றால் அதை மாற்றுவது சுலபம். கீழே அறிகுறி அறிகுறியாக எழுதியிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு மீன் கடித்தால், எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாது.

முதலில் மீனின் வாய்

இங்கே எல்லோரும் கார்ப் என்று சொல்வது தமிழ்நாட்டு மீன் பண்ணைகளில் சாதாக் கெண்டை எனப்படும் மீன். இந்த நாட்டு மீனல்ல. ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டது, பிறகு அணைகளெங்கும் பரவிவிட்டது. அதன் தாடையில் பல் கிடையாது, அரைக்கும் பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன. கீழ்நோக்கி நீளும் வாயைக் குழாய் போல நீட்டி, தரையில் இருப்பதை மண்ணோடு சேர்த்து உறிஞ்சும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஊதித் தள்ளும். நெல்லைப் புடைக்கும் முறம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் நடக்கும் எல்லாத் தோல்விக்கும் இந்த "உறிஞ்சு, ஊது" வேலையில் விடை இருக்கிறது. உங்கள் முள் அந்த முறத்திலிருந்து வெளியே போகாமல் உதட்டில் மாட்ட வேண்டும்.

அதற்காகத்தான் ஹேர் ரிக் என்ற தூண்டில் கட்டும் அமைப்பு வந்தது. 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென் மிடில்டன், கெவின் மேடக்ஸ் இருவரும் உருவாக்கியது. இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் வளைவிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கோர்த்தார்கள். முதலில் உண்மையான தலைமுடியையே பயன்படுத்தினார்கள், பெயரும் அதனால் வந்தது. முள் முழுவதும் வெறுமையாக இருப்பதால், மீன் இரையை ஊதித் தள்ளும்போது முனை எதிலாவது குத்திவிடுகிறது.

அறிகுறி: மணிக்கணக்காக ஓர் அசைவும் இல்லை

தூண்டிலை எடுக்காமல் மூன்று மணி நேரம் காத்திருந்தீர்கள் என்றால், முதல் தவறு அதுதான். எடுத்துப் பாருங்கள். ஹேரில் இரை இருக்கிறதா? முள் முனையில் இலைத் துணுக்கோ பாசியோ மாட்டியிருக்கிறதா? பாதி நேரம் விடை அங்கேயே கிடைக்கும். பாசி சுற்றிய முள்ளை மூன்று மணி நேரம் காவல் காத்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

முள் சுத்தமாக இருந்தால் அடுத்தது தரை. வெறும் ஈயத்தைக் கட்டி வீசி, தூண்டில் நரம்பை விரலில் பிடித்துக்கொண்டு மெதுவாக இழுங்கள். கரகரவென்று வந்தால் சரளை. வழுவழுவென்று வந்தால் கெட்டியான களிமண். வெண்ணெயிலிருந்து கத்தியை இழுப்பது போலக் கனமாக வந்தால் சேறு. சிக்கிச் சிக்கி விடுபட்டால் நீர்ச்செடி. கெட்டியான தரையும் சேறும் சந்திக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது, கெண்டை அங்கே மேய்ந்துகொண்டு போகும். முழுச் சேற்றில் ஈயம் புதையும்போது ட்ரேஸையும் கூடவே உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது 15 செ.மீ. ட்ரேஸுக்குப் பதில் 25 செ.மீ. கட்டுங்கள், ஈயத்தின் எடையையும் குறையுங்கள்.

காற்றையும் பாருங்கள். இரண்டு நாளாக ஒரே திசையில் அடித்தால், காற்று மோதும் கரைக்குப் போய் உட்காருங்கள். முகத்தில் காற்று அடிக்கும், வீசுவது கஷ்டம், தேநீர் ஆறிப்போகும். இரையும் மீனும் அந்தப் பக்கம்தான் ஒதுங்கும். குவாசூலு-நேட்டாலில் கோடைதான் மழைக்காலம். நல்ல மழைக்குப் பிறகு ஓடைத் தண்ணீர் கலங்கலாக அணைக்குள் நுழையும் வாயை விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: சின்னச் சின்னத் துடிப்பு, ஆனால் ஓட்டம் இல்லை

நரம்பு இரண்டு முறை துடிக்கிறது, நிற்கிறது. தூண்டில் கம்பில் கட்டிய மணி ஒருமுறை கிணுங்கி அடங்குகிறது. எடுத்தால் ஒன்றுமில்லை. கரையில் மிக அதிகமாக நான் கேட்கும் புகார் இதுதான். இதற்கு இரண்டு காரணங்கள், இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

இரையைப் பாருங்கள். ஓரங்கள் கொறிக்கப்பட்டிருந்தால் அது கெண்டையல்ல, இங்கே பிரீம் என்று சொல்லும் ஜிலேபி மீன். இரையைப் பெரிதாக்குங்கள், கெட்டியாக்குங்கள். மென்மையான பாப் (மக்காச்சோள மாவுக் களி) உருண்டைக்குப் பதில் வேகவைத்த மக்காச்சோள மணி இரண்டு, அல்லது கொண்டைக்கடலை ஒன்று. கொண்டைக்கடலை நல்ல கெண்டை இரை என்று சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் சிரிக்கிறார்கள். இரவு முழுக்க ஊறவைத்து, சுண்டலுக்கு வேகவைப்பதைவிடச் சற்று முன்னதாகவே இறக்கிவிடுங்கள். ஊசி நுழைய வேண்டும், உடையக் கூடாது.

இரை முழுசாக இருக்கிறது, துடிப்பு மட்டும் வருகிறது என்றால் கெண்டை உங்கள் இரையை உறிஞ்சி ஊதியிருக்கிறது. இப்போது ட்ரேஸை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். முள்ளை உள்ளங்கையில் படுக்கவைத்து, ஸ்விவல் (நரம்போடு இணைக்கும் சுழல் வளையம்) பக்கத்திலிருந்து நூலை மெதுவாக இழுங்கள். முள் புரண்டு, முனை கீழ்நோக்கித் திரும்பித் தோலைக் கவ்வ வேண்டும். படுத்தபடியே வழுக்கிக்கொண்டு வந்தால் மீனின் வாயிலும் அதையேதான் செய்திருக்கிறது. முள்ளின் கண்ணுக்கு மேல் சூட்டில் சுருங்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைக் கொதிக்கும் தண்ணீர் ஆவியில் காட்டிச் சற்று வளைவாகப் போட்டுப் பாருங்கள். முள் உடனே புரளத் தொடங்கும். ஒரு சென்டிமீட்டர் குழாய் செய்யும் வேலையை ஏழு பாட்டில் டிப் செய்யாது.

ஹேரின் நீளமும் இங்கே முக்கியம். இரைக்கும் முள்ளின் வளைவுக்கும் இடையில் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை இருந்தால் போதும். இரை வளைவோடு ஒட்டியிருந்தால் முள்ளின் வாயை அடைத்துக்கொள்ளும். மூன்று சென்டிமீட்டர் தொங்கினால் இரை மீனின் வாய்க்குள்ளும் முள் உதட்டுக்கு வெளியிலும் இருக்கும். நூலை முள்ளின் தண்டில் சுற்றிக் கட்டும் முடிச்சில்லா முடிச்சில் ஹேரை முதலில் அளந்துகொண்டு பிறகு எட்டுச் சுற்று சுற்றுங்கள். சுற்றி முடித்த பிறகு அளப்பவர்கள் எல்லோரும் என் சித்தப்பா மகனைப் போல மூன்று சென்டிமீட்டரில்தான் முடிகிறார்கள்.

பிறகு ஈயம். 30 கிராம் ஈயத்தோடு மீன் தலையை ஆட்டிக்கொண்டே விளையாடும். 80 முதல் 100 கிராம் வரை எடுத்து, கிளிப்பில் பாதி இறுக்கமாக மாட்டிப் பாருங்கள். மீன் இரையை எடுத்துக்கொண்டு தலை நிமிரும்போது ட்ரேஸ் விறைக்கிறது, ஈயத்தின் எடை முள்ளை உதட்டில் ஏற்றுகிறது, மீன் பயந்துபோய் ஓடுகிறது. நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாலும் வேலை நடந்துவிடும். இங்குள்ள பழைய முறையில் ஈயம் நரம்பில் ஓடிக்கொண்டிருக்கும், மீன் எடையை உணராது. அந்த முறை நல்லதுதான், ஆனால் கண்ணை எடுக்காமல் நரம்பைப் பார்ப்பவர்களுக்கு. எனக்கு அந்தப் பொறுமை நாற்பது வயதோடு போய்விட்டது.

ஒன்றை மறக்க வேண்டாம்: நரம்பு அறுந்தால் ஈயம் தானாகக் கழன்று விழ வேண்டும். கழலாத ஈயத்தை மீன் இழுத்துக்கொண்டு திரிந்து எங்காவது மாட்டிச் சாகும். வீட்டிலேயே கையால் இழுத்துச் சோதியுங்கள்.

அறிகுறி: ஓடுகிறது, பாதி வழியில் கழன்றுவிடுகிறது

கழன்று வந்த முள்ளைப் பாருங்கள். முனை மடங்கியிருந்தால் கல்லில் பட்டிருக்கிறது. வளைவு விரிந்திருந்தால் முள் மெல்லியது, அல்லது நீங்கள் காளையை இழுப்பது போல இழுத்திருக்கிறீர்கள். இரண்டும் இல்லையென்றால் முள்ளின் அளவைச் சந்தேகியுங்கள். இரண்டு மக்காச்சோள மணிக்கு 8ஆம் எண் போதும். பெரிய பாய்லிக்கு (வேகவைத்த கெட்டி மாவு உருண்டை) 4 அல்லது 6 வேண்டும். முள்ளின் எண் கூடினால் அளவு குறையும் என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிராக்கை (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கம்) நரம்பின் தாங்கு திறனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைத்துக்கொள்ளுங்கள். கரைக்குப் பக்கத்தில் வந்த மீன் வலையைக் கண்டதும் கடைசியாக ஒரு பாய்ச்சல் பாயும், பெரும்பாலானவை கழல்வது அங்கேதான். அந்த நேரத்தில் டிராக்கை இறுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தளர்த்துங்கள்.

பிடிபட்ட மீனில் முள் எங்கே குத்தியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கீழ் உதட்டின் நடுவில் இருந்தால் ரிக் சரி. வாயின் ஓரத் தோலில் நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த மீன் கழலும். ட்ரேஸை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மாற்றி மீண்டும் பாருங்கள்.

அறிகுறி: நரம்பு அறுகிறது

அறுந்த முனையைப் பாருங்கள். பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. எச்சில் தொட்டு ஈரமாக்காமல் முடிச்சை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலவீனமாகிவிடும். முனை சொரசொரவென்று கிழிந்திருந்தால் கல் அல்லது மரக்கட்டை. ஊம்கேனி ஆற்றின் குறுக்கே 1989இல் கட்டிமுடித்த இனாண்டா அணையில் இது வாடிக்கை. ஒரு பள்ளத்தாக்கே அப்படியே மூழ்கியது, மரமும் பாறையும் அடியில் இருக்கின்றன. அங்கே கடைசி ஐந்தாறு மீட்டருக்குத் தடித்த நரம்பைச் சேர்த்துக் கட்டுகிறேன். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அந்த நீளத்தை இரண்டு விரல்களுக்கு நடுவில் ஓடவிட்டு, சொரசொரப்பு தென்பட்டால் வெட்டி எறிகிறேன். மிதக்கும் ஆகாயத்தாமரை வந்து நரம்பில் படர்ந்தால் வாதாட வேண்டாம், இடம் மாறுங்கள்.

அறிகுறி: பாப் வீசும்போதே சிதறுகிறது, அல்லது மாலைவரை கல்லாகவே கிடக்கிறது

மக்காச்சோள மாவில் கிண்டும் பாப்தான் இந்த நாட்டுக் கெண்டைப் பிடிப்பின் முதுகெலும்பு. இதன் பதத்தைச் சமையலறையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூலு வீடுகளில் உண்ணும் ஊபுத்து, நம் புட்டு போல உதிரும், தூண்டிலுக்கு அது ஆகாது. கையில் ஒட்டாத கொழுக்கட்டை மாவுப் பதம் வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டி, கிளறி, மூடி போட்டுச் சிறு தீயில் கால் மணி நேரம் விடுங்கள். இறக்கி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசையுங்கள். ஆறிய பிறகு பிசைந்தால் விரிசல் விடும். விரிசல் விட்ட உருண்டை காற்றிலேயே பிரிந்து பறக்கும்.

கரையில் ஒரு வாளித் தண்ணீரில் சோதித்துப் பாருங்கள். ஈயத்தைச் சுற்றி எலுமிச்சை அளவு பிடித்து வாளிக்குள் விடுங்கள். பத்து நிமிடத்தில் ஓரங்கள் கரைய ஆரம்பித்து, அரை மணிக்குள் குவியலாகச் சரிந்தால் சரி. அப்படியே இருந்தால் கையில் தண்ணீர் தொட்டு உலர் மாவு ஒரு பிடி சேர்த்துத் தளர்த்துங்கள். இரண்டே நிமிடத்தில் கரைந்துவிட்டால் இன்னும் பிசையுங்கள். கஸ்டர்டு பவுடர் ஒரு கரண்டி சேர்த்தால் மஞ்சள் நிறமும் பிடிப்பும் கிடைக்கும். நான் சேர்ப்பதுண்டு. பாப் மீனைக் கூப்பிடுவதற்கு, முள்ளில் இருக்கும் மணி மீனைப் பிடிப்பதற்கு. இரண்டையும் குழப்பி முள்ளையே பாப்புக்குள் புதைத்துவிடாதீர்கள்.

மக்காச்சோளத்தையும் டைகர் நட் என்ற சிறு கிழங்கையும் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, பிறகு அரை மணி நேரமாவது வேகவைக்காமல் தண்ணீரில் போட வேண்டாம். காய்ந்த மணி மீனின் வயிற்றில் போய் ஊதும்.

அறிகுறி: ரிக் ஒவ்வொரு முறையும் சிக்கலாக வருகிறது

வீசிய ஈயம் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்பு ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் விளிம்பில் விரலை வைத்து நரம்பைத் தடுங்கள். ட்ரேஸ் ஈயத்தை விட்டு விலகி நேராக விழும். இது ஒன்றே முக்கால்வாசிச் சிக்கலைத் தீர்க்கும். மிச்சத்துக்கு, மென்மையான பின்னல் நூலை விட்டு, மேலே பூச்சுள்ள விறைப்பான நூலுக்கு மாறுங்கள்.

அறிகுறி: பார்பல் மட்டும் வருகிறது

பார்பல் என்பது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இரவிலும் கலங்கல் தண்ணீரிலும் மோப்பம் பிடித்து வரும், உங்கள் ட்ரேஸை வழுவழுப்பாலும் முறுக்காலும் நாசமாக்கிவிட்டுப் போகும். மீன் தூள், ஈரல், பூண்டு வாசனைகளை நிறுத்துங்கள். தானியத்துக்கும் இனிப்புக்கும் திரும்புங்கள். முழுதாக ஒழியாது, ஆனால் குறையும்.

அறிகுறி: ஜூன் பிறந்ததும் எல்லாம் நின்றுபோகிறது

இது கோளாறல்ல, இங்கே அப்போது குளிர்காலம். ஆனால் ரிக்கையும் இரையையும் கோடையில் வைத்தது போலவே வைத்திருந்தால் அது உங்கள் கோளாறு.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குள் போகிறது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தின்னும். அதன் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டியிருக்கும்போது ஓயாமல் மேயும் மீன், 10 டிகிரியை நெருங்கும்போது ஒரு நாளில் சில நிமிடங்கள் மட்டும் வாயைத் திறக்கும். எண்ணெய்ப் பசையுள்ள இரையைக் குளிரில் அதனால் செரிக்க முடியாது. ஆகவே வாளி வாளியாகப் பாப் எறிவதை நிறுத்துங்கள். கோடையில் பத்து உருண்டை போட்ட இடத்தில் இப்போது ஒன்று. ஹேரில் ஒற்றை மணி, 8 அல்லது 10ஆம் எண் முள், மெல்லிய ட்ரேஸ்.

ஹேசல்மியர் கடற்கரைக்கு அருகில் இருப்பதால் அங்கே இவ்வளவு கடுமை இல்லை. ஹாவிக் பக்கத்து மிட்மார் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, காலையில் புல்லெல்லாம் உறைபனி. அங்கே விடியற்காலையில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவதை விட்டுவிட்டேன். பன்னிரண்டு மணிக்குப் போய் நான்கு மணிக்குத் திரும்புகிறேன், வீட்டிலும் யாருக்கும் கோபமில்லை. ஆகஸ்டில் உள்நாட்டிலிருந்து சூடான பெர்க் காற்று இறங்கும் நாள் வந்தால் வேலைக்கு விடுப்பு எடுக்கலாம். ஆழம் குறைந்த ஓரத் தண்ணீர் சூடேறி மீன் மேலேறி வரும். ஆனால் அந்தக் காற்றின் வாலைப் பிடித்துக்கொண்டே குளிர் வரும், மறுநாள் போய்ப் பயனில்லை.

குளிரில் மிதக்கும் இரையும் உதவும். மக்காச்சோள மணியோடு ஒரு துண்டு நுரை, இங்கே ஃப்ளோட்டி என்பது, ஹேரில் சேர்த்துக் கட்டுங்கள். கரையோரத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: முள் தரையைத் தொட்டுக்கொண்டு, இரை மட்டும் மெதுவாக எழுந்து நிற்க வேண்டும். பலூன் போல மேலே இழுத்தால் நுரையைச் சீவுங்கள். எடை சரியாக இருந்தால், சோம்பலான மீன் இலேசாக உறிஞ்சினாலும் முள்ளோடு சேர்ந்து உள்ளே போகும்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் ஒன்றுமில்லை

இப்போது பாட்டிலைத் திறக்கலாம். வீசுவதற்கு முன்பு ஒரு முறை முக்கி எடுப்பதில் பெரிய பயன் இல்லை, வாசனை வழியிலேயே கழுவிக்கொண்டு போய்விடும். முந்தின இரவே மணிகளைச் சிறு டப்பாவில் போட்டு டிப் ஊற்றி ஊறவிடுங்கள்.

கடையில் விற்கும் அனிசீட் டிப்பின் வாசனைக்குக் காரணம் அனித்தோல். நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் சோம்பிலும் அதே பொருள்தான். அது தண்ணீரில் எளிதில் கரையாது, அதனால் மேலே தூவினால் மிதந்து போய்விடும். ஒரு கைப்பிடி சோம்பை இடித்து, மக்காச்சோளத்தை வேகவைக்கும் தண்ணீரிலேயே போட்டு, அதிலேயே ஆறவிடுங்கள். வாசனை மணிக்குள் ஏறும். பத்து ராண்டுக்குள் முடியும் வேலை.

பிடித்த மீனை உயிரோடு இன்னோர் அணைக்குக் கொண்டுபோய் விட வேண்டாம். இந்த மண்ணுக்கு அது வெளியூர் மீன், தரையைக் கிளறித் தண்ணீரைக் கலக்கி மற்ற மீன்களின் இடத்தைக் கெடுக்கும்.

சித்தப்பா மகன் போன வாரம் புதிய முள் கட்டிக்கொண்டு வந்தான். மூன்று கெண்டை பிடித்தான், மூன்றிலும் முள் கீழ் உதட்டில். பெட்டியில் இரண்டு பாட்டில் மட்டும் இருந்தன. ஒன்று சோம்பு. மற்றது என்னவென்று அவனுக்கே தெரியவில்லை, லேபிள் உரிந்துபோயிருந்தது.